கடைசி நாள் வரை காத்திருக்கலாமா? அன்னை அல்போன்சாவின் வாழ்வு தரும் பாடம்



வீட்டில் ஒருவர் கடுமையான நோயால் படுத்திருக்கிறார். சாமியாரை அழைத்து நோயில்பூசுதல் கொடுக்கச் சொல்வோமா என்று யாராவது கேட்டால், பல குடும்பங்களில் உடனே ஒரு தயக்கம் எழுகிறது. சாமியார் எண்ணெயோடு வந்து நின்றால் நோயாளி பயந்துவிடுவார், தன் கதை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுவார் என்று சொல்லி நாளைத் தள்ளிப்போடுகிறார்கள். நினைவு தப்பிய பிறகு நடு இரவில் ஆள் அனுப்புகிறார்கள். ஆறுதல் பெற வேண்டியவரோ அந்த ஆறுதலை உணர முடியாத நிலையில் கிடக்கிறார்.

இதே தயக்கம் மருத்துவத்திலும் உண்டு. பாலியேட்டிவ் கேர் என்று மருத்துவர்கள் சொல்லும் வலி தணிப்பு ஆதரவுச் சிகிச்சையைப் பற்றித்தான் சொல்கிறேன். கடும் நோயுள்ளவரின் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, ஆறாத புண், தூக்கமின்மை, பயம், குடும்பத்தாரின் தவிப்பு ஆகிய அனைத்தையும் கவனிப்பதற்கென்றே பயிற்சி பெற்ற மருத்துவர்களும் செவிலியர்களும் சமூகப் பணியாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் நோயாளியை அனுப்புவது என்றாலே, கைவிட்டுவிட்டோம் என்று பொருள்படுவதாக வீட்டாரும் சில மருத்துவர்களும் எண்ணுகிறார்கள். அதனால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில், தணிக்கக்கூடிய வலியைத் தணிக்காமல் ஒரு மனிதர் சுமக்கிறார்.

அப்படியானால் எப்போது அனுப்புவது? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் வாழ்ந்து மறைந்த ஒரு பெண்மணியின் வாழ்வைப் பார்ப்போம். குடும்பத்தார் அவருக்கு வைத்த பெயர் ரோஸ் ஹாதோர்ன். துறவறத்தில் அவர் அன்னை மேரி அல்போன்சா.

எழுத்தாளரின் மகள்

ரோஸ் 1851ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெனாக்ஸ் என்ற ஊரில் பிறந்தார். தந்தை நதானியேல் ஹாதோர்ன் அமெரிக்க இலக்கியத்தின் பெரும் எழுத்தாளர்களில் ஒருவர். தாய் சோபியா. மூன்று பிள்ளைகளில் ரோஸ் கடைக்குட்டி. அவருக்கு இரண்டு வயதாக இருக்கும்போது தந்தை இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் அமெரிக்கத் தூதரகப் பொறுப்பை ஏற்றார். அதனால் ரோஸின் குழந்தைப் பருவம் இங்கிலாந்திலும் பின்னர் இத்தாலியிலும் கழிந்தது.

லிவர்பூலில் தந்தையின் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்ல வேண்டும். ஏழைகள் தங்கும் ஒரு விடுதியைப் பார்க்கப் போனபோது, நோயுற்றிருந்த ஒரு சிறு குழந்தை அவரைச் சுற்றிச் சுற்றி வந்து, தூக்கிக்கொள்ளும்படி கை நீட்டியது. ஹாதோர்ன் இயல்பிலேயே கூச்சமும் ஒதுங்கும் குணமும் உள்ளவர். பார்க்கவே தயக்கம் தரும் நிலையில் அந்தக் குழந்தை இருந்தது. ஆனாலும் அவர் குனிந்து அதைத் தூக்கி அணைத்துக்கொண்டார். பின்னர் அதை நூலில் எழுதியபோது, தான் செய்ததாகச் சொல்லாமல் வேறொருவர் செய்ததாகவே எழுதினார். அவருடைய குறிப்பேடுகள் வெளிவந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. தந்தை எழுதியவற்றுள் இந்தப் பகுதியை மகள் மிக உயர்வாக மதித்தார். பின்னாளில் மகளின் வாழ்வே அந்தச் செயலின் தொடர்ச்சி ஆகிவிட்டது.

மகனை இழந்த தாய்

ரோஸின் இளமை துயரங்கள் நிறைந்தது. பதின்மூன்றாம் பிறந்த நாளுக்கு முந்தைய நாள், 1864 மே 19 அன்று, தந்தை இறந்தார். 1871இல் லண்டனில் தாயும் இறந்தார். அதே ஆண்டு, இருபது வயதில், ஜார்ஜ் பார்சன்ஸ் லேத்ராப் என்ற எழுத்தாளரை ரோஸ் மணந்தார். 1876இல் அவர்களுக்கு ஒரே மகன் பிறந்தான். நான்கு வயதில், 1881ஆம் ஆண்டு, டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான் நோய் அவனைக் கொண்டுபோனது.

1891இல் கணவனும் மனைவியும் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார்கள். ஆயினும் கணவரின் குடிப்பழக்கத்தால் இல்லறம் நிலைக்கவில்லை. 1895இல் இருவரும் பிரிந்து வாழத் தொடங்கினர். கதைகளும் கவிதைகளும் எழுதிப் பெயர் பெற்ற ஒரு பெண்மணி, நாற்பத்து நான்கு வயதில், கணவரும் இல்லை, பிள்ளையும் இல்லை என்ற நிலையில் நின்றார். அந்த இடத்திலிருந்துதான் இறைவன் அவரை அழைத்தார்.

தீவுக்கு அனுப்பப்பட்டவர்கள்

இரண்டு மரணங்கள் ரோஸின் உள்ளத்தை அசைத்தன. ஒன்று அவருடைய தோழி எம்மா லாசரஸின் மரணம். நியூயார்க் துறைமுகத்துச் சுதந்திர தேவி சிலைக்காகக் கவிதை எழுதிய அதே எம்மாதான். 1887இல் புற்றுநோயால் இறந்தார். செல்வக் குடும்பம் என்பதால் நல்ல மருத்துவர்களும் பணிவிடை செய்ய ஆட்களும் இறுதிவரை அருகில் இருந்தார்கள்.

மற்றொன்று, ஏழைத் தையல்காரப் பெண் ஒருவரைப் பற்றி ரோஸ் கேள்விப்பட்ட செய்தி. அவருக்கும் புற்றுநோய்தான். குணமாக்க முடியாது என்று தெரிந்ததும் மருத்துவமனையில் அவருக்கு இடம் இல்லை. கையில் பணமும் இல்லை. ஆகவே ஆதரவற்றோரை அடைத்து வைக்கும் பிளாக்வெல் தீவுக்கு அனுப்பப்பட்டார். நியூயார்க் நகரின் ஆற்று நடுவே உள்ள அந்தத் தீவில் அன்று சிறையும் மனநோயாளர் விடுதியும் ஏழையர் இல்லமும் இருந்தன.

அன்றைய ஒழுங்கு இதுதான்: குணமாகும் வரை மருத்துவமனை, குணமாகாது என்றால் வெளியே. புற்றுநோய் தொற்றிக்கொள்ளும் என்று பலர் நம்பிய காலம் அது. வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்வார். உறவினர் ஒதுங்குவார்கள். வலிக்கும் நாற்றத்துக்கும் நடுவே ஓர் உயிர் தன் கடைசி மாதங்களைத் தனியாகக் கழிக்கும். நோய் ஒன்றாக இருந்தும், எம்மாவுக்குக் கிடைத்தது அந்தத் தையல்காரப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. இது ரோஸைத் தூங்க விடவில்லை.

ஸ்கேமல் தெருவில்

அவர் முதலில் செய்தது வேலையைக் கற்றுக்கொண்டது. 1896ஆம் ஆண்டு, நாற்பத்தைந்து வயதில், நியூயார்க் புற்றுநோய் மருத்துவமனையில் மூன்று மாதம் செவிலியர் பயிற்சி பெற்றார். புண்ணைக் கழுவிக் கட்டுப்போடவும், படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்க வைக்கவும், அருவருப்பை வெல்லவும் அங்கே கற்றார். இரக்கம் மட்டும் போதாது, அதற்குத் திறமையும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். இன்று நாம் சிறப்புச் சிகிச்சை என்று சொல்வதன் வேர் இதிலேதான் இருக்கிறது.

அதே ஆண்டு நகரின் கிழக்குப் பகுதியில், குடியேறிய ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த ஸ்கேமல் தெருவில், சில அறைகளை வாடகைக்கு எடுத்துக் குடிபோனார். தானே சுத்தம் செய்தார். அக்கம்பக்கத்துப் புற்றுநோயாளிகளைத் தேடிப் போய்ப் புண்களைக் கழுவினார். மருத்துவமனையில் தான் அறிந்திருந்த, முகத்தைப் புற்று அரித்திருந்த ஒரு பெண்ணைத் தன் இருப்பிடத்திலேயே வைத்துப் பராமரித்தார்.

1897 டிசம்பரில் ஆலிஸ் ஹூபர் என்ற இளம் ஓவியர் உதவிக்கு வந்தார். வாரத்தில் ஒரு நாள் உதவுவதாகச் சொல்லி வந்தவர், பின்னர் முழுமையாகவே தங்கிவிட்டார். 1899இல் செர்ரி தெருவில் ஒரு வீடு கிடைத்தது. லீமா நகர் புனித ரோசாவின் பெயரில் அது இலவசப் புற்றுநோய் இல்லமாயிற்று. 1900 டிசம்பர் 8, அமல அன்னை திருநாளன்று, இருவரும் புனித சாமிநாதர் சபைத் துறவற உடை அணிந்தார்கள். ரோஸ், மேரி அல்போன்சா ஆனார். ஆலிஸ், மேரி ரோஸ் ஆனார்.

ரோசரி ஹில்

1901இல் நியூயார்க் நகருக்கு வடக்கே ஒரு குன்றின் மேல் இருந்த பெரிய வீட்டை அவர்கள் வாங்கினார்கள். ரோசரி ஹில், அதாவது செபமாலைக் குன்று என்பது அதன் பெயர். அந்த ஊரே இப்போது ஹாதோர்ன் என்று அழைக்கப்படுகிறது. பணம் திரட்ட அன்னை கையில் எடுத்தது தன் பழைய ஆயுதமாகிய எழுதுகோலைத்தான். கிறிஸ்துவின் ஏழைகள் என்ற பொருள்படும் பெயரில் ஓர் இதழ் நடத்தினார். எழுத்தாளர் மார்க் ட்வைன் ஆதரவு தந்தவர்களுள் ஒருவர்.

இல்லத்தில் சில உறுதியான விதிகள் இருந்தன. நோயாளியிடமோ அவர் குடும்பத்தாரிடமோ ஒரு காசும் வாங்கக் கூடாது. எந்த மதம், எந்த இனம் என்று பார்க்கக் கூடாது. எத்தகைய புண்ணைக் கண்டாலும் முகத்தில் அருவருப்பு தெரியக் கூடாது. குணமாகாத புற்றுநோய், வசதியின்மை என்ற இரண்டுமே உள்ளே வருவதற்குத் தகுதி. எந்தக் காரணத்துக்காக மருத்துவமனை வெளியே அனுப்பியதோ, அதே காரணத்துக்காக அன்னை உள்ளே சேர்த்துக்கொண்டார்.

இப்படியே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1926 ஜூலை 9 அன்று, எழுபத்தைந்தாம் வயதில், ரோசரி ஹில்லில் இறைவனடி சேர்ந்தார். அவருடைய பெற்றோரின் திருமண நாளும் ஜூலை 9தான். அவர் நிறுவிய ஹாதோர்ன் தொமினிக்கன் சகோதரிகள் இன்றும் அதே விதிகளோடு பணியாற்றுகிறார்கள். 2003இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கான பணிகள் தொடங்கின. 2024 மார்ச் மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவிக்க ஒப்புதல் அளித்தார்.

அவருக்குப் பின் வளர்ந்தது

அன்னை அல்போன்சா, குணமாகாதவரைக் கைவிடுவது என்ற பாதிக் கொடுமையை எதிர்த்து நின்றார். ஆனால் இன்னொரு பாதி எஞ்சியிருந்தது. அவருடைய வாசலுக்கு வந்தவர்கள், மற்ற எல்லா வாசல்களும் அடைபட்ட பிறகே வந்தார்கள். அன்றைய மருத்துவத்தில் வேறு வழி இல்லை. ஒரு பக்கம் குணமாக்கும் முயற்சி, மறு பக்கம் ஆறுதல் பணி, நடுவில் பெரிய சுவர்.

அந்தச் சுவரை இடிக்க நெடுங்காலம் ஆயிற்று. 1967இல் லண்டனில் மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் புனித கிறிஸ்டோபர் நல்வாழ்வு இல்லத்தைத் திறந்தார். வலி என்பது உடலில் மட்டுமல்ல, மனதிலும் குடும்பத்திலும் ஆன்மாவிலும் உள்ளது என்று கண்டு, நான்கையும் சேர்த்துக் கவனிக்கும் மருத்துவத்தை அவர் வளர்த்தார். உலக நலவாழ்வு அமைப்பு 1990இல் இச்சிகிச்சைக்கு விளக்கம் கொடுத்தபோது, குணப்படுத்தும் மருத்துவம் பலன் தராதவர்களுக்கானது என்றே சொன்னது. 2002இல் அதை மாற்றியது. உயிருக்கு ஆபத்தான நோயின் தொடக்கக் கட்டத்திலேயே, மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்தே, இதைக் கொடுக்க வேண்டும் என்றது.

ரோஸ் பிறந்த அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகரில் நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. பரவிய நிலையிலிருந்த நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றப் பிரிவினருக்கு அதோடு ஆதரவுச் சிகிச்சைக் குழுவின் கவனிப்பும் தொடக்கத்திலிருந்தே கிடைத்தது. இரண்டாம் பிரிவினர் வாழ்ந்த நாட்கள் மேலான தரத்தோடு இருந்தன. மனச்சோர்வும் குறைந்தது. இறுதிக் காலத்தில் உடலை வருத்தும் கடும் சிகிச்சை குறைவாகவே பெற்றும், ஏறத்தாழ மூன்று மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள். ஆயுள் நீள்வது எல்லா ஆய்வுகளிலும் காணப்படவில்லை. ஆனால் வாழ்க்கையின் தரம் உயர்வது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டது. முற்றிய புற்றுநோய் என்று தெரிந்த எட்டு வாரங்களுக்குள் இக்குழுவிடம் அனுப்புவது நல்லது என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2016இல் வழிகாட்டியது.

எப்போது அனுப்புவது?

எல்லா வலிக்கும் சிறப்பு நிபுணர் தேவையில்லை. சாதாரணமான வலியையும் வாந்தியையும் குடும்ப மருத்துவரோ, நோயாளியைப் பார்த்துவரும் மருத்துவரோ தணித்துவிடலாம். ஆனால் கீழ்க்கண்ட நிலைகளில் ஒன்று வந்தாலும், ஆதரவுச் சிகிச்சைக் குழுவிடம் அனுப்பலாமா என்று மருத்துவரை நாமே கேட்கலாம்.

கொடுத்த மருந்துக்கு வலி கட்டுப்படாமல் இருப்பது, அல்லது மூச்சுத்திணறலும் வாந்தியும் தூக்கமின்மையும் தொடர்வது. நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவிவிட்டது என்று தெரிய வருவது. சில மாதங்களுக்குள் திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருப்பது. எடை குறைந்து, பகலிலும் பெரும்பகுதி நேரம் படுக்கையிலேயே கழிவது. இன்னொரு கீமோதெரபி வேண்டுமா, டயாலிசிஸ் தொடர வேண்டுமா, செயற்கை சுவாசக் கருவி வைக்கலாமா என்ற கடினமான முடிவுகள் முன்னால் நிற்பது. நோயாளி பயத்தாலோ மனக்கசப்பாலோ பேச்சைக் குறைத்துக்கொள்வது. பராமரிப்பவர் களைத்துப்போய் நொடிந்துவிடுவது.

இது புற்றுநோய்க்கு மட்டும் உரியதல்ல. முற்றிய இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், நினைவிழப்பு நோய் உள்ளவர்களுக்கும் பொருந்தும். இந்த நோயாளி ஓராண்டுக்குள் இறந்துவிட்டால் எனக்கு வியப்பாக இருக்குமா என்று மருத்துவர்கள் தங்களையே கேட்டுப் பார்ப்பதுண்டு. வியப்பாக இராது என்று தோன்றினால், நோயாளிக்கு என்ன உதவி தேவை என்று உட்கார்ந்து யோசிக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

அனுப்பினால் மற்றச் சிகிச்சை நின்றுவிடுமா? நிற்க வேண்டியதில்லை, இரண்டும் கைகோத்து நடக்கலாம். மார்பின் கொடுத்தால் சீக்கிரம் இறந்துவிடுவாரா? பயிற்சி பெற்றவர்கள் வலிக்கு ஏற்ப அளந்து கொடுக்கும்போது அது உயிரைப் பறிப்பதில்லை, வலியைத்தான் தணிக்கிறது. வலியைத் தணிக்கும் மருந்தை ஏற்பது தவறல்ல என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இலேயே மருத்துவர்களிடம் தெளிவாக்கினார். ஆதரவுச் சிகிச்சை தன்னலமற்ற அன்பின் சிறப்பான வடிவம் என்பது திருச்சபையின் மறைக்கல்வி ஏடு நமக்குக் கற்பிப்பது. இது கருணைக்கொலைக்கு நேர் எதிரானது. கருணைக்கொலை, துன்பத்தை நீக்குவதாகச் சொல்லி மனிதரையே நீக்கிவிடுகிறது. ஆதரவுச் சிகிச்சையோ மனிதரோடு இருந்துகொண்டு துன்பத்தைத் தணிக்கிறது.

நோயில்பூசுதலின் காலம் பற்றித் திருச்சபை சொன்னதும் இங்கே நமக்கு வழிகாட்டுகிறது. அது சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரிய அருளடையாளம் அல்ல, நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே அதைப் பெறத் தகுந்த காலம் வந்துவிட்டது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் கூறியது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதற்கான புதிய சடங்கு முறையைத் தந்தார். ஆன்மாவுக்குரிய ஆறுதலைக் கடைசி மூச்சு வரை தள்ளிப்போடாதீர்கள் என்று தாய்த் திருச்சபை சொல்லும்போது, உடலுக்குரிய ஆறுதலை மட்டும் ஏன் தள்ளிப்போட வேண்டும்?

சாவடியில் ஒப்படைத்தவர்

நல்ல சமாரியர் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதன் இரண்டாம் பகுதியை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. வழியில் அடிபட்டுக் கிடந்தவரின் காயங்களைக் கட்டிய சமாரியர், எல்லாவற்றையும் தாமே செய்துகொண்டிருக்கவில்லை. சாவடிக்குக் கொண்டுபோய், பொறுப்பாளரிடம் ஒப்படைத்தார். செலவுக்குப் பணம் கொடுத்தார். திரும்பி வருவதாக வாக்களித்துவிட்டுப் போனார். அந்த ஒப்படைப்பு கைவிடுதல் அல்ல. நம்மால் முடியாததைச் செய்யத் தெரிந்தவரிடம் சேர்த்து, நாமும் உறவை விடாமல் இருப்பதே நல்ல ஒப்படைப்பு. நோயின் இறுதிக்கட்டத்தில் உள்ளவர்களைப் பராமரிப்பது பற்றி வத்திக்கான் 2020இல் வெளியிட்ட மடலுக்கு நல்ல சமாரியர் என்றே பெயர் வைத்திருப்பது பொருத்தமானது.

பிளாக்வெல் தீவுக்கு அனுப்பியவர்களும் ஒரு நோயாளியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்பியவர்கள்தான். ரோசரி ஹில்லுக்கு அழைத்து வந்தவர்களும் அதையே செய்தார்கள். முன்னவர்கள் அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னவர்கள் காத்திருக்கும் கைகளில் கொண்டுவந்து சேர்த்தார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

ஆகவே, அன்பார்ந்தவர்களே, உங்கள் வீட்டில் அல்லது அடுத்த வீட்டில் ஒருவர் வலியோடு படுத்திருந்தால், இன்னும் காலம் இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். காலம் இருக்கும்போதே அனுப்பினால்தான், அவர் தூங்கி எழுந்து, பிள்ளைகளோடு பேசி, ஒப்புரவாக வேண்டியவரோடு ஒப்புரவாகி, செபமாலையைக் கையில் பிடித்துச் செபிக்க முடியும். மருத்துவரிடம் கேளுங்கள். பங்குத்தந்தையையும் அப்போதே அழையுங்கள். அனுப்பிய பிறகும் நோயாளியின் கையை விடாதீர்கள்.

வணக்கத்துக்குரிய அன்னை அல்போன்சாவைப் போல, துன்புறும் உடலில் கிறிஸ்துவைக் காணும் கண்களையும், காலம் அறிந்து உதவும் மனதையும் இறைவன் நமக்குத் தருவாராக.